கல்லூரி செல்லும் நம் பிள்ளைகளும் ஆங்கிலமும்

(வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் எழுதியது)

சேலம் நகரத்தின் ஃபேர்லேண்ட்ஸ் பகுதியைப் பஞ்சாயத்து அன்பர்கள் பலரும் அறிவர். மருத்துவத்திற்காகவோ பிள்ளைகளின் படிப்பிற்காகவோ அங்கு வந்து போகாத குடும்பம் நம் வட்டாரங்களில் குறைவு. 1961-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ஸ்ரீ சாரதா மகளிர் கல்லூரி அங்கேதான் இருக்கிறது. காலை வேளையில் புதிய பேருந்து நிலையத்தில் இறங்கும் கூட்டத்தைச் சற்று நின்று கவனித்தால், ஓமலூர், தாரமங்கலம், வாழப்பாடி, இராசிபுரம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வரும் மாணவ மாணவியர் அதில் எத்துணைப் பேர் என்பது விளங்கும். ஃபேர்லேண்ட்ஸ் கல்லூரிக்கும், 1857-இல் தோன்றிய அரசு கலைக் கல்லூரிக்கும், 1997-இல் நிறுவப்பெற்ற பெரியார் பல்கலைக் கழகத்திற்கும் அவர்கள் பிரிந்து செல்கின்றனர்.

அவர்களிலே பலர் தம் குடும்பத்தில் முதன் முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள். பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ் வழியிலே கற்றவர்கள். கல்லூரியிலோ, பல பாடப் பிரிவுகளில் முதல் வாரத்திலேயே புத்தகமும் விரிவுரையும் ஆங்கிலத்தில் வந்து நிற்கின்றன. பள்ளியில் நல்ல மதிப்பெண் பெற்ற பிள்ளை மூன்றாம் மாதத்தில் வாய் மூடி உட்கார்ந்து விடுகிறது. முதலில் கேள்வி கேட்பது நின்று போகிறது. பிறகு குறிப்பெடுப்பது குறைகிறது. ஒரு வாக்கியத்தை எழுதி முடிப்பதற்குள் ஆசிரியர் மூன்றாவது வாக்கியத்திற்குப் போய் விடுகிறார். பருவத் தேர்வில் இரண்டு தாள்கள் நின்று போகின்றன. மாணவர்கள் அதனை 'அரியர்' என்பர். அரியர் ஏற ஏறக் கல்லூரிக்குச் செல்லும் கால் தயங்குகிறது. கடைசியில் ஒரு நாள், பையன் விசைத்தறியிலோ, சேகோ ஆலையிலோ, போர்வெல் வண்டியிலோ வேலைக்குச் சேர்ந்து விட்டான் என்ற செய்தி வருகிறது.

அந்த வேலைகளில் தாழ்வு ஏதுமில்லை. ஆனால் ஆட்டை விற்றும் நகையை அடகு வைத்தும் கட்டிய பணம் போனதோடு, 'இவனுக்குப் படிப்பு ஏறவில்லை' என்ற பழியும் அப்பிள்ளையின் தலையில் விழுகிறதே, அதுதான் தகாதது. படிப்பு ஏறாமல் இல்லை. மொழி குறுக்கே நின்றது. குறுக்கே நிற்பதை அகற்றுவதற்கு வழி உண்டு என்பதையும், அவ்வழியில் பஞ்சாயத்துக்கும் பெற்றோருக்கும் ஒரு பங்கு உண்டு என்பதையும் கூறவே இக்கட்டுரை.

பிள்ளை தடுமாறுகிறது என்று தெரிந்ததும் நம்மவர் செய்வது யாது? 'முப்பது நாளில் சரளமாக ஆங்கிலம் பேசலாம்' என்ற விளம்பரப் பலகையைக் கண்டு பணத்தைக் கட்டுகிறார்கள். அங்கே, விருந்தினரை வரவேற்பது, கடையில் விலை கேட்பது, தன்னைப் பற்றி ஐந்து வாக்கியம் சொல்வது ஆகியவை கற்பிக்கப்படுகின்றன. கெடுதல் ஒன்றுமில்லை, கூச்சம் சிறிது தெளியும். ஆயினும் மாணவனைத் தடுத்து நிறுத்தியது அதுவன்று. தாவரவியல் புத்தகத்தில் அரைப் பக்கத்தைப் படித்து, அதில் ஆசிரியர் என்ன கூறுகிறார், எந்த ஆதாரத்தைக் கொண்டு கூறுகிறார் என்று அறியவும், அறிந்ததைத் தன் சொல்லில் எழுதவும், எழுதியதை நாலு பேர் முன் விளக்கவும் இயலவில்லை என்பதே அவனுடைய இடர்ப்பாடு. கடை ஆங்கிலம் வேறு, கல்வி ஆங்கிலம் வேறு.

இவ்வேற்றுமையைக் கனடா நாட்டு அறிஞர் ஜிம் கம்மின்ஸ் 1979-இல் தெளிவாக எடுத்துரைத்தார். அங்கே குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளில் மற்ற பிள்ளைகளைப் போலப் பேசத் தொடங்கி விட்டனராம். ஆனால் பாடங்களுக்கு வேண்டிய மொழியில் அவர்களோடு சமமாக நிற்க ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் வரை பிடித்தன. அவர் கூறிய இன்னொரு விஷயம் நமக்கு மேலும் முக்கியமானது. தாய்மொழியில் ஆழ்ந்து படிக்கவும் காரணம் காட்டி எழுதவும் பழகிய பிள்ளைக்கு, அத்திறமை இரண்டாம் மொழிக்கும் உடன் வருகிறது. ஒரு கிணற்றில் நீர் இறைக்கத் தெரிந்தவன் அடுத்த கிணற்றில் புதிதாகக் கற்க வேண்டியது கயிற்றின் நீளத்தை மட்டுமே. ஆகவே, தமிழ் வழியில் படித்ததுதான் குற்றம் என்று வருந்தும் பெற்றோர், தமிழில் பிள்ளை எவ்வளவு ஆழமாகப் படித்தது என்றே பார்க்க வேண்டும்.

உச்சரிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் ஊர்களில் பலர் ஃபேர்லேண்ட்ஸ் என்பதைப் 'பேர்லண்ட்ஸ்' என்றே கூறுகின்றனர். அதனால் எந்தப் பேருந்தும் வழி தவறியதில்லை. உச்சரிப்பு பிறகு திருந்தும். அதற்காக நகைத்து, வாய் திறந்த பிள்ளையை மீண்டும் மூடச் செய்யலாகாது.

விவசாயிக்கு இதனால் என்ன?

இப்படியொரு கேள்வி எழுவது நியாயம். பிள்ளையின் ஆங்கிலம் உத்தியோகத்திற்குத்தானே, காட்டு வேலைக்கு அதனால் என்ன பயன் என்று ஒரு கூட்டத்தில் என்னைக் கேட்டனர். மரவள்ளியைக் கொண்டு விடை கூறுகிறேன்.

குச்சிக்கிழங்கு பயிரிடுவோருக்கு மாவுப்பூச்சியைப் பற்றி நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. குருத்து சுருண்டு, இலைகள் நுனியில் கொத்தாகக் கூடி, செடி குட்டையாகி நிற்பதை யாவரும் கண்டிருப்பர். தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இப்பூச்சி 2020-ஆம் ஆண்டில் கேரளத்தில் கண்டறியப்பட்டு, பின்னர் சேலம், நாமக்கல் மாவட்டங்களிலும் பரவிற்று. நமக்குத்தான் இது புதிது. ஆப்பிரிக்கக் கண்டத்தில் 1970-களின் தொடக்கத்திலேயே காங்கோப் பகுதியில் தோன்றி, நாடு நாடாகப் பரவி, பல கோடி மக்களின் அன்றாட உணவாகிய மரவள்ளியை அழித்தது. நைஜீரியா நாட்டின் இபாதான் நகரிலுள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண்மை நிலையத்தார் இதற்கு மாற்றுத் தேடினர். பூச்சி பிறந்த நாட்டிலே அதன் பகையும் இருக்க வேண்டும் என்ற கருத்தின்படி தென் அமெரிக்காவில் தேடி, பராகுவே நாட்டில் 1981-இல் ஒரு சிறு குளவியைக் கண்டெடுத்தனர். அக்குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடுகிறது. முட்டையிலிருந்து வரும் புழு உள்ளிருந்தே பூச்சியைத் தின்று விடுகிறது. இக்குளவியை ஆப்பிரிக்கா முழுதும் பரப்பியதனால் மரவள்ளி பிழைத்தது. அப்பணியை முன்னின்று நடத்திய ஹான்ஸ் ஹெரன் 1995-இல் உலக உணவுப் பரிசு பெற்றார். 2009-இல் தாய்லாந்து நாட்டினர் அதே குளவியைத் தருவித்தனர். நம் நாட்டில், பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் பூச்சிகள் ஆராய்ச்சி நிலையத்தார் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து அதனை வரவழைத்துப் பெருக்கினர். 2022-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நம்முடைய ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்திலே அக்குளவி வெளியில் விடப்பட்டது.

பராகுவேயில் கண்டெடுத்ததும், ஆப்பிரிக்காவில் எண்ணி அளந்து குறித்ததும் நாற்பது ஆண்டு கழித்து ஏத்தாப்பூர் வந்து சேர்ந்தது எவ்வாறு? குளவி விமானத்தில் வந்தது. குளவியைப் பற்றிய அறிவு ஆங்கிலக் கட்டுரைகளாக வந்தது. எத்தனை செடிகளில் எத்தனை பூச்சிகள், குளவி விட்ட பின் எத்தனை, மழைக் காலத்தில் எவ்வாறு, வேறு நல்ல பூச்சிகளுக்குத் தீங்கு உண்டா என்பனவெல்லாம் அச்சில் இருந்தன. படிக்கத் தெரிந்தவர்கள் இங்கே இருந்தனர்.

இதன் மறுபக்கமும் உண்டு. நம் மண்ணில் எந்த இரகம் எவ்வளவு தாங்கிற்று, எந்த மாதத்தில் நட்ட பயிர் தப்பிற்று என்பன நம் விவசாயிகளின் வாயில் இருக்கின்றன. அவற்றை எண்ணிக் குறித்து, மற்ற நாட்டார் படிக்குமாறு எழுதுவதற்கு மரவள்ளிக் காட்டிலே வளர்ந்த பிள்ளையைவிடத் தகுந்தவர் யார்? அதற்குரிய மொழி கையில் இல்லாமையால் அந்த அறிவு காட்டு வரப்போடு நின்று விடுகிறது.

கல்வி ஆங்கிலத்தின் இயல்பு

அந்த மொழிக்குச் சில தனி வழக்கங்கள் உண்டு. முதலாவது, அது உறுதியை அளந்து கூறும். 'இம்மருந்து பூச்சியைக் கொல்லும்' என்று விளம்பரம் கூறும். ஆராய்ச்சிக் கட்டுரையோ, 'இச்சோதனையில் பூச்சியின் எண்ணிக்கை குறைந்தது. மழை மிகுந்த இடங்களில் வேறு விதமாகவும் இருக்கலாம்' என்று கூறும். 'லாம்' என்ற அந்த ஓர் ஈற்றில்தான் பொருள் முழுதும் தங்கியிருக்கிறது. மாணவர்கள் அதனைத் தவற விட்டுவிட்டு, கட்டுரையாளர் சொல்லாத உறுதியை அவர் தலையில் ஏற்றி விடுகின்றனர்.

இரண்டாவது, வாக்கிய அமைப்பு. தமிழில் வினை கடைசியில் வரும். ஆங்கிலத்தில் எழுவாயை அடுத்து வரும். தமிழில் 'ஏத்தாப்பூரில் சென்ற ஆண்டு நட்ட மரவள்ளி' என்று விளக்கத்தை முன்னே அடுக்கிப் பெயரைப் பின்னே வைக்கிறோம். ஆங்கிலம் 'மரவள்ளி' என்ற பெயரை முன்னே வைத்து, எங்கே நட்டது, எப்போது நட்டது என்பவற்றைப் பின்னே தொங்க விடுகிறது. இதை யாரும் சொல்லிக் கொடுக்காததனால், மாணவன் நாலு வரி நீண்ட வாக்கியத்தைச் சொல் சொல்லாகப் பெயர்த்து, நடுவழியில் தொலைந்து போகிறான். முதலில் வினையைத் தேடு, அடுத்து எழுவாயைத் தேடு, மற்றவை இவ்விரண்டில் எதைப் பற்றித் தொங்குகின்றன என்று பார் என்று ஓர் ஆசிரியர் காட்டிக் கொடுத்தால், சில வாரங்களில் அவன் கண் பழகி விடும். இதைத் தமிழோடு ஒப்பிட்டுத்தான் காட்ட இயலும். வகுப்பில் தமிழே ஒலிக்கக் கூடாது என்று கட்டளையிடும் கல்லூரிகள் நல்லதொரு கருவியைத் தாமே தூக்கி எறிகின்றன என்பது என் கருத்து.

மூன்றாவது, சொற்கள். ஆங்கிலத்தில் இலட்சக்கணக்கான சொற்கள் உண்டு என்று கேட்டு மாணவர் மலைக்கின்றனர். மலைக்க வேண்டியதில்லை. வங்காளத்தில் டாக்கா நகரில் ஆசிரியப் பணி புரிந்த மைக்கேல் வெஸ்ட் என்பவர், இந்திய மாணவருக்குப் படிக்கும் ஆற்றலே முதலில் வேண்டும் என்று 1920-களிலேயே வாதித்தவர். அவர் 1953-இல் வெளியிட்ட அடிப்படைச் சொற்பட்டியலில் ஏறத்தாழ 2,000 சொற்களே உள்ளன. நியூசிலாந்தைச் சேர்ந்த ஆவெரில் காக்ஸ்ஹெட் என்ற அம்மையார், பல்கலைக் கழகப் பாடநூல்களிலும் கட்டுரைகளிலுமிருந்து 35 இலட்சம் சொற்கள் கொண்ட தொகுதியைத் திரட்டி ஆராய்ந்து, எல்லாத் துறைகளிலும் திரும்பத் திரும்ப வரும் 570 சொற்குடும்பங்களை 2000-ஆம் ஆண்டில் பட்டியலிட்டார். ஆய், ஆய்வு, ஆய்வாளர் என்று தமிழில் ஒரே வேரிலிருந்து கிளைப்பது போல, அனலைஸ், அனாலிஸிஸ், அனலிட்டிகல் என்பன ஒரு குடும்பம். கல்விசார் நூல்களில் வரும் சொற்களில் பத்தில் ஒன்று இப்பட்டியலைச் சேர்ந்தது. நாளொன்றுக்கு ஒரு குடும்பம் என்று கொண்டாலும் இரண்டு ஆண்டுகளுக்குள் முடிந்து விடும். பட்டப் படிப்போ மூன்று ஆண்டு.

கற்பிக்கும் முறை

நம் மாநிலத்தில் ஆங்கிலம் கற்பிக்கும் முறையைப் பற்றிய சோதனைகளுக்குக் குறைவில்லை. 1950-களின் இறுதியில் தொடங்கி, தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் 27,000 பேரைப் புதிய முறையில் பயிற்றுவிக்க ஒரு பெரிய இயக்கம் நடத்தப்பட்டது. சிலருக்குப் பயிற்சி, அவர்கள் பலருக்குப் பயிற்சி, அப்பலர் இன்னும் பலருக்கு என்று உருண்டு பெருகியதால் அதனைச் 'சென்னைப் பனிப்பந்து' என்று அழைத்தனர். பனியே காணாத நம் ஊருக்கு இப்பெயர் எவ்வாறு பொருந்திற்றோ! அந்நாளில் பயின்ற முதியவர்களுக்கு, ஆசிரியர் புத்தகத்தைத் தூக்கிக் காட்ட, வகுப்பு முழுதும் 'திஸ் இஸ் எ புக்' என்று ஒரே குரலில் கூறியது நினைவிருக்கலாம். வாக்கிய அமைப்பு மனத்தில் பதிந்தது. ஆனால் தானாக ஒரு புதிய கருத்தைக் கூற வேண்டிய இடத்தில் அது போதவில்லை.

அந்தக் குறையைக் கண்டு, 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர் ஆகிய இடங்களின் பள்ளிகளில் என். எஸ். பிரபு வேறொரு சோதனை நடத்தினார். இலக்கணப் பாடம் கிடையாது. ரயில் கால அட்டவணையைப் பார்த்து எந்த வண்டியில் போனால் நேரத்தில் சேரலாம் என்று கண்டுபிடி. வரைபடத்தைப் பார்த்து வழி சொல் என்பன போன்ற வேலைகள் தரப்பட்டன. பிள்ளையின் கவனம் முழுதும் விடையின் மேல் இருக்கும். மொழி அதன் போக்கில் பற்றிக் கொள்ளும் என்பது கொள்கை. உலகெங்கும் ஆங்கில ஆசிரியர்கள் இன்றும் எடுத்துப் பேசும் சோதனை இது.

கல்லூரி அளவில் நம்மைப் போன்ற மாணவரைப் பற்றி அறிய யாழ்ப்பாணத்தைப் பார்க்க வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக் கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா, போர்க் காலமாகிய 1990-91-இல் தம்முடைய முதலாண்டு மாணவர்களைக் கூர்ந்து கவனித்து எழுதினார். அவர்களுக்குக் கிடைத்த பாடநூல் அமெரிக்க வாழ்க்கையைச் சித்திரிப்பது. மாணவர்கள் தேர்வுக்கு வேண்டியதால் வகுப்புக்கு வந்தனர். ஆனால் நூலின் ஓரங்களில் தமிழ்த் திரைப்படப் பாடல்களையும், தம் ஊர் நிலைமைக்கேற்ற சொற்களையும் படங்களையும் எழுதி நிரப்பி வைத்தனர். இதனை வெறும் குறும்பு என்று அவர் தள்ளவில்லை. பாடம் தம் வாழ்க்கையைத் தொடவில்லை என்று அவர்கள் கூறிய மறுமொழியாகவே அதனைப் படித்தார். பிற்காலத்தில் அமெரிக்கப் பல்கலைக் கழகங்களில் பேராசிரியராக விளங்கிய அவர், வகுப்பில் தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்பதை விடாமல் வலியுறுத்தியவர்.

எங்கள் வட்டாரத்தைச் சேர்ந்த ஒரு மாணவியின் அனுபவத்தில் இவை யாவும் ஒன்று சேர்ந்ததைக் கண்டேன். மரவள்ளிக் குடும்பத்துப் பெண். நகரத்தில் தாவரவியல் படித்தாள். இரண்டாம் ஆண்டில் வகுப்பின் முன் பத்து நிமிடம் ஒரு பொருளைப் பற்றிப் பேச வேண்டும். பேச்சை மனப்பாடம் செய்து, பாதியில் மறந்து, அழுது கொண்டு இறங்கி விட்டாள். மறு முறைக்கு அவளைத் தயார் செய்த ஆசிரியை, ஆங்கிலத்தைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, உன் வீட்டுக் காட்டில் என்ன நடந்தது என்று தமிழில் எழுதச் சொன்னார். 'எங்கள் காட்டில் மரவள்ளி முழுவதும் வெள்ளையாகப் போய்விட்டது. மருந்து அடித்தும் கேட்கவில்லை' என்று எழுதினாள்.

ஆசிரியை அவ்விரண்டு வரிகளின் மேல் கேள்விகளை அடுக்கினார். முழுவதும் என்றால் எத்தனை செடி? எந்த மாதம் முதலில் கண்டது? எந்த மருந்து, எத்தனை முறை? கேட்கவில்லை என்றால் பூச்சி குறையவே இல்லையா, குறைந்து மீண்டும் வந்ததா? இதை நீ பார்த்தாயா, அப்பா சொன்னாரா? அவள் ஊருக்கு வந்து, தந்தையோடு காட்டில் இறங்கி, வரிசைக்கு இத்தனை என்று நூறு செடிகளை எண்ணி, குருத்து சுருண்டவற்றைக் குறித்துக் கொண்டாள். தந்தைக்கு முதலில் வியப்பு. 'ஏம்மா, பூச்சிய எண்ணறதுக்கா காலேசுக்கு அனுப்பினோம்?' என்று கேட்டவர், பிறகு தாமே நட்ட தேதியையும் மருந்து வாங்கிய சீட்டையும் எடுத்துக் கொடுத்தார்.

எண்ணிக்கை கைக்கு வந்ததும் 'முழுவதும்' என்ற சொல் தானாக உதிர்ந்து போயிற்று. 'மருந்து கேட்கவில்லை' என்பது, 'இரண்டு முறை தெளித்த பின்னும் பூச்சி காணப்பட்டது' என்று மாறிற்று. இவ்வளவும் தமிழிலேயே நடந்தது. இதன் பின்னரே ஆங்கிலம். ஆப்பிரிக்கக் கட்டுரை ஒன்றின் முதல் பக்கத்தை அவளிடம் கொடுத்து, இவர்கள் எண்ணிக்கையை எந்த வாக்கியத்தால் கூறுகின்றனர், ஐயத்தை எந்தச் சொல்லால் கூறுகின்றனர் என்று பென்சிலால் கோடிடச் செய்தார். கோடிட்ட வாக்கியங்களின் அமைப்பிலே தன் எண்ணிக்கையை வைத்து அவள் எழுதினாள். பத்து நிமிடப் பேச்சில் பிழைகள் இருந்தன; ஆயினும் இம்முறை மனப்பாடம் இல்லை. கேள்வி கேட்டவர்களுக்கு விடை கூற முடிந்தது, ஏனெனில் அவள் கூறியது அவள் எண்ணியது.

ஆங்கிலத்தில் ஆராய்ச்சிக் கட்டுரையின் முன்னுரை எவ்வாறு அமைகிறது என்பதை ஜான் ஸ்வேல்ஸ் 1981-இல் 48 கட்டுரைகளைக் கொண்டு ஆராய்ந்திருக்கிறார். இப்பொருளைப் பற்றி முன்னோர் கண்டது இது, அவர்கள் காணாது விட்டது இது, நான் காண முற்பட்டது இது என்ற வரிசை பெரும்பாலும் மாறுவதில்லை. கிராம சபையில் நல்ல மனு எழுதுபவரும் இதே வரிசையைத்தான் பின்பற்றுகிறார் என்பதை நான் பல முறை கவனித்திருக்கிறேன். 'இந்தத் தெருவுக்குக் குழாய் போட்டார்கள். கடைசிப் பன்னிரண்டு வீட்டுக்குத் தண்ணீர் ஏறவில்லை. இந்த இடத்தில் ஒரு வால்வு வைத்தால் ஏறும்' என்று எழுதிய மனுவுக்கு உடனே வேலை நடக்கிறது. 'எங்கள் ஊரை யாரும் கவனிப்பதில்லை' என்ற மனு கோப்பில் உறங்குகிறது.

அரசும் ஊரும்

அரசின் பங்கை விரைந்து கூறி விடலாம். பட்டப் படிப்பில் பகுதி ஒன்று தமிழும் பகுதி இரண்டு ஆங்கிலமும் நெடுங்காலமாக உள்ளவை. 2020-21 கல்வியாண்டில் கலை, வணிகம், உயிரியல், இயற்பியல் சார்ந்த துறைகளுக்குத் தனித்தனியே அமைந்த தொழில்சார் ஆங்கிலப் பாடநூல்களைத் தமிழ்நாடு மாநில உயர் கல்வி மன்றம் உருவாக்கியது. அந்தந்தப் பாடத்தோடு இணைந்த ஆங்கிலம் என்ற கருத்து அப்போதுதான் நம் கலைக் கல்லூரிகளுக்குப் பரவலாக வந்தது. 2022 மார்ச்சு 1-ஆம் நாள் 'நான் முதல்வன்' திட்டமும், அதே ஆண்டு செப்டம்பரில் அரசுப் பள்ளியில் பயின்ற மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் 'புதுமைப் பெண்' திட்டமும், 2024 ஆகஸ்டில் மாணவருக்கான 'தமிழ்ப் புதல்வன்' திட்டமும் தொடங்கப்பட்டன. ஆங்கில வழியில் படிப்போரும் தேர்வை வட்டார மொழியில் எழுத இடம் தரலாம் என்று 2023 ஏப்ரலில் பல்கலைக் கழக மானியக் குழு எல்லாப் பல்கலைக் கழகங்களையும் கேட்டுக் கொண்டது. இது நல்ல ஊன்றுகோல்; ஆனால் படிக்க வேண்டிய நூல் ஆங்கிலத்தில் இருக்கும் வரை படிக்கும் ஆற்றலும் வேண்டும்.

ஊர் செய்யக் கூடியது இனி. 2006 முதல் 2011 வரை நடைபெற்ற அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின் கீழ்க் கிராம ஊராட்சிகளில் நூலகக் கட்டடங்கள் எழுப்பப்பட்டன. சில ஊர்களில் அவை நன்கு நடைபெறுகின்றன. வேறு சில ஊர்களில் பூட்டுத் துருவேறிக் கிடப்பதையும், தேர்தல் சாமான்கள் அடைத்திருப்பதையும் கண்டிருக்கிறேன். மாலை ஆறு மணி முதல் எட்டரை மணி வரை விளக்கெரிந்து, நான்கு நாற்காலியும் ஒரு நீண்ட மேசையும் இருந்தால் போதும்; ஒரே அறை கொண்ட வீட்டில் தொலைக்காட்சி ஓசைக்கு நடுவே படிக்கும் பிள்ளைகள் அங்கே வந்து சேர்வர். திறவுகோல் யாரிடம் இருக்கிறது என்பதை அடுத்த கூட்டத்தில் கேட்டுப் பார்க்கலாம்.

அந்த மேசையின் மேல் இருக்க வேண்டியவை சில உண்டு. சென்னைப் பல்கலைக் கழகம் 1960-களில் வெளியிட்ட ஆங்கிலம்-தமிழ்ச் சொற்களஞ்சியம் இன்றளவும் மாணவருக்குப் பெரிதும் உதவுவது. பெரியசாமித் தூரன் தலைமைப் பதிப்பாசிரியராக இருந்து 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த தமிழ்க் கலைக்களஞ்சியம் இன்னொன்று. அதிலுள்ள செய்திகளில் பழமைப்பட்டவை உண்டு. ஆனால் ஒரு விஞ்ஞானப் பொருளைத் தமிழில் எவ்வளவு தெளிவாக விளக்க முடியும் என்பதற்கு அதுவே சான்று. ஒரு பொருளை முதலில் தமிழில் படித்துப் புரிந்து கொண்டு, பிறகு ஆங்கில நூலைத் திறக்கும் மாணவனுக்குப் பாதிச் சுமை இறங்கி விடுகிறது.

நாலு பேர் முன் பேசும் திறமைக்குக் கிராம சபையை விட நல்ல பள்ளி ஏது? சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 முதலிய நாட்களில் கூடும் சபையில் வரவு செலவையும் வேலைகளின் பட்டியலையும் அலுவலர் ஒருவர் விரைவாக வாசித்து முடிக்கிறார். பாதிப் பேர் காதில் விழுவதில்லை. கல்லூரி மாணவர் ஒருவரை முன்கூட்டியே அழைத்து, கணக்கைக் காட்டி, அதைச் சபைக்குத் தமிழில் விளக்கும் பொறுப்பைக் கொடுத்துப் பாருங்கள். எண்ணைச் சுருக்கிச் சொல்லவும், குறுக்குக் கேள்விக்குப் பதற்றமின்றி விடை கூறவும், 'அது எனக்குத் தெரியாது, கேட்டுச் சொல்கிறேன்' என்று நேர்மையாகக் கூறவும் அவர் அங்கே பழகுவார். நேர்முகத் தேர்வில் கேட்பதும் இவையே. ஊர் மழைமானிக் குறிப்பு, கிணற்று நீர்மட்டம், சேகோ ஆலைக்கு அனுப்பிய கிழங்கின் மாவுச்சத்து அளவு ஆகியவற்றை மாதந்தோறும் குறித்து, அதன் சுருக்கத்தை ஒரு பக்கம் தமிழிலும் ஒரு பக்கம் ஆங்கிலத்திலும் எழுதித் தரும் வேலையையும் அவர்களிடம் ஒப்படைக்கலாம்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். வீட்டுக்கு உறவினர் வந்தவுடன், 'எங்கே, நாலு வார்த்தை இங்கிலீசில் பேசிக் காட்டு' என்று பிள்ளையை நிறுத்தி வைக்காதீர்கள். அதற்குப் பதிலாக, இன்று வகுப்பில் என்ன பாடம், அதைத் தமிழில் எனக்குப் புரியும்படி சொல் என்று கேளுங்கள். நீங்கள் பள்ளி சென்றவரா என்பது இதற்குப் பொருட்டன்று. புரியாத இடத்தில் 'அது எப்படி?' என்று கேட்டால் போதும்.

கல்லூரிகள் திறக்கும் மாதத்தில் எங்கள் வட்டாரத்தின் சில ஊர்களில், சேர்க்கை பெற்ற பிள்ளைகளையும், ஏற்கனவே இரண்டாம், மூன்றாம் ஆண்டு பயிலும் மூத்த பிள்ளைகளையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நூலகத்தில் கூட்டி வைத்தோம். எந்தச் சொற்கள் முதல் மாதத்தில் அடிக்கடி வரும், குறிப்பு எவ்வாறு எடுப்பது, அரியர் விழுந்தால் யாரைப் பார்ப்பது என்று மூத்தவர்களே விளக்கினர். பேசிய மூத்தவர்களில் இருவர் தாமே முதலாண்டில் மூன்று தாள்களில் நின்று பிறகு தேறியவர்கள்; புதிய பிள்ளைகள் அவர்களிடம்தான் மிகுந்த கேள்விகள் கேட்டனர். செலவு தேநீருக்கு ஆனது மட்டுமே. இவ்வாறு கூட்ட விரும்பும் ஊராட்சியினர் தத்தம் வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் சமூகக் கல்விப் பணிகளைக் கவனிக்கும் அலுவலரிடம் சேர்க்கைப் பட்டியல் வெளிவரும் முன்பே தெரிவித்து விடுதல் நலம்; சேர்க்கை முடிந்த பின் பிள்ளைகள் விடுதிகளுக்குச் சென்று விடுகின்றனர்.